மனைவி கேட்டாள் டெலிவிஷன்! கணவர் இழுத்தார் கம்பி!

ஆகாயத்தில் வந்த படம் கம்பிக்குள் புகுந்த கதை

அமெரிக்காவின் மேற்குக் கரையில் அஸ்டோரியா என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த சிறிய ஊர். கொலம்பியா ஆறு அங்கேதான் கடலில் கலக்கிறது. ஒரு காலத்தில் மீன் பிடிப்பதும், பிடித்த மீனை டப்பாவில் அடைப்பதும் ஊராரின் தொழில். ஊரைச் சுற்றி மலை. மலை நிறைய மரம்.

அந்த ஊரில் எட் பார்சன்ஸ் என்பவர் சிறிய ரேடியோ நிலையம் ஒன்றை நடத்தி வந்தார். அவர் மனைவி பெயர் கிரேஸ்.

ரேடியோ நிலையக்காரர்களின் மாநாடு ஒன்று சிகாகோ நகரில் நடந்தது. கணவனும் மனைவியும் போனார்கள். அங்கே டெலிவிஷன் காட்டினார்கள். கிரேஸ் அதுவரை டெலிவிஷனைப் பார்த்ததில்லை. ரேடியோவில் குரல் மட்டும்தான் வரும். இதில் ஆளும் தெரிந்தது! நம் வீட்டுக்கும் இது வேண்டும் என்று கிரேஸ் கேட்டாள்.

கேட்பது சுலபம். கொடுப்பது எப்படி?

அஸ்டோரியாவுக்குப் பக்கத்தில் டெலிவிஷன் நிலையமே கிடையாது. 1948-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி சியாட்டில் நகரில் ஒரு நிலையம் ஒளிபரப்பைத் தொடங்க இருந்தது. அந்த வடமேற்குப் பகுதி முழுவதற்கும் அதுதான் முதல் நிலையம். ஆனால் சியாட்டில் இருப்பது 200 கிலோமீட்டர் தூரத்தில். இடையே மலைக்கு மேல் மலை.

ரேடியோ மலையைத் தாண்டி வருகிறதே, டெலிவிஷன் ஏன் வராது? சிலர் இப்படிக் கேட்கலாம். இரண்டும் அலைதான். ஆனால் ஒரே மாதிரி அலை அல்ல. பழைய ரேடியோவின் நீண்ட அலை மேடு பள்ளத்தைத் தழுவிக்கொண்டு வெகுதூரம் போகும். டெலிவிஷனுக்கு உரிய குட்டை அலைக்கு அந்த வளைவு நெளிவு தெரியாது. விளக்கு வெளிச்சம் மாதிரி, அனேகமாக நேராகவே போகும். குன்றுக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்தால் இந்தப் பக்கம் இருட்டுதான்.

நடுவே மலை இல்லாவிட்டால் கதை வேறு. 1980-களில் தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களில் உயரமான குழாயில் ஆண்டெனாவைக் கட்டி, இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தவர்கள் பலர். நடுவே இருந்தது கடல். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஓட்டல் கூரையில் அகப்பட்ட படம்

பார்சன்ஸ் சும்மா இருக்கவில்லை. அலையின் பலத்தை அளக்கும் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். ஓரிடத்தில் அலை கொஞ்சம் இருந்தது. சிறிது தள்ளிப் போனால் இல்லை. விரல்களை நீட்டினாற்போல் அங்கங்கே மட்டும் வந்து விழுந்தது.

நல்ல பலத்தோடு அது கிடைத்த இடம் எது தெரியுமா? அவர் குடியிருந்த வீட்டுக்கு எதிரேயே! தெருவின் அந்தப் பக்கத்தில் ஜான் ஜேக்கப் ஆஸ்டர் ஓட்டல் இருந்தது. எட்டு மாடிக் கட்டடம். அதன் உச்சிக் கூரையில் சியாட்டில் அலை அகப்பட்டது.

பார்சன்ஸ் அந்தக் கூரையில் ஆண்டெனாவை நட்டார். அதிலிருந்து தெருவுக்குக் குறுக்கே ஒரு கம்பியை இழுத்துத் தம் வீட்டுப் பெட்டியில் மாட்டினார். நவம்பர் 25 வந்தது. சியாட்டில் நிலையம் ஒரு பள்ளிக்கூடக் கால்பந்துப் போட்டியைக் காட்டியது. 200 கிலோமீட்டருக்கு இப்பால் கிரேஸ் தன் வீட்டில் டெலிவிஷன் பார்த்தாள்.

வீடு நிறைந்தது, தெரு அடைத்தது

மனைவியின் ஆசை நிறைவேறியது. ஆனால் வீட்டில் நிம்மதி போயிற்று!

செய்தி ஊர் முழுவதும் பரவியது. தெரிந்தவர் வந்தார், தெரியாதவரும் வந்தார். இரவு முழுவதும் கூட்டம். வீட்டுக்காரர்கள் உட்கார இடம் இல்லை. வந்தவர்களைப் போகச் சொல்லவும் மனம் இல்லை. பார்சன்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். எதிரே உள்ள ஓட்டலின் முன்கூடத்துக்கு இன்னொரு கம்பியை இழுத்து, அங்கே ஒரு பெட்டியை வைத்தார்.

கூட்டம் அங்கே போயிற்று. கொஞ்ச நாளில் ஓட்டல் நிர்வாகி முறையிட்டார். அறை எடுக்க வருகிறவர்கள் உள்ளே நுழைய முடியவில்லையாம்!

அடுத்தபடியாக ஒரு சங்கீதக் கடைக்குக் கம்பி போயிற்று. கடையின் கண்ணாடி ஜன்னலில் பெட்டி வைக்கப்பட்டது. ஜனங்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். இப்போது போலீஸ் அதிகாரி வந்துவிட்டார். தெருவில் வண்டி போக வழி இல்லை என்றார்.

மீதி இருந்தது ஒரே வழி. அவரவர் வீட்டுக்கே கம்பி கொடுத்துவிடுவது! கூரைக்குக் கூரை கம்பி ஓடியது. படம் கேட்ட வீடுகளுக்குப் பார்சன்ஸ் கட்டணம் வாங்கிக்கொண்டு இணைப்புக் கொடுத்தார். 1949-ம் ஆண்டு தொடக்கத்தில் ஊருக்குள் கம்பி டெலிவிஷன் ஒரு தொழிலாகிவிட்டது.

அஸ்டோரியாவின் குன்றின் மேல் இதற்காக ஒரு நினைவுக் கல் நாட்டியிருக்கிறார்கள். பார்சன்ஸ் அந்த ஊரிலேயே இருந்து பணம் சேர்க்கவில்லை. பிற்பாடு அலாஸ்காவுக்குப் போய்விட்டார்.

விற்காத பெட்டிகள்

நாட்டின் மறுகோடியில் இன்னொருவர் இதே காரியத்தைச் செய்து கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் அறிய மாட்டார்கள்.

பென்சில்வேனியா மாநிலத்தில் மகனாய் சிட்டி என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே ஜான் வால்சன் மின்சாரக் கம்பெனியில் கம்பிவேலை பார்த்தவர். மின்சாரச் சாமான் கடையும் வைத்திருந்தார். டெலிவிஷன் பெட்டிகளை வாங்கிக் கடையில் அடுக்கினார். ஒன்று கூட விற்கவில்லை. விற்குமா? ஊர் ஒரு பள்ளத்தாக்கில் இருந்தது. நிலையங்கள் இருந்த பிலடெல்பியா நூறு கிலோமீட்டருக்கு அப்பால். பெட்டியைத் திறந்தால் பனி பெய்கிற மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும். இரைச்சல் கேட்கும். அதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

வால்சன் பக்கத்து மலை உச்சியில் ஒரு கம்பத்தை நட்டு ஆண்டெனா கட்டினார். வாங்க வந்தவர்களை வண்டியில் ஏற்றி மலைக்கு அழைத்துப் போய்ப் படத்தைக் காட்டினார். அவர்கள் பார்த்தார்கள், ரசித்தார்கள். ஆனால் படம் பார்க்கத் தினமும் மலை ஏற முடியுமா?

மலையிலிருந்து கடைக்கே கம்பி இழுத்தார் வால்சன். ராணுவம் கழித்துக் கட்டிய பழைய கம்பியைத்தான் முதலில் உபயோகித்தார். வழியில் இருந்த வீடுகளுக்கும் இணைப்புக் கொடுத்தார். இணைப்புக்கு 100 டாலர். பிறகு மாதம் 2 டாலர். கடையில் தூங்கிய பெட்டிகளுக்குக் கால் முளைத்துவிட்டது!

இது நடந்தது 1948-ம் ஆண்டு ஜூன் மாதம் என்று வால்சன் சொன்னார். அப்படியானால் அவர்தான் பார்சன்ஸுக்கும் முந்தியவர். ஆனால் 1952-ல் கடையில் தீப்பிடித்துக் கணக்குப் புத்தகங்கள் எரிந்துவிட்டன. சாட்சிக்குக் காகிதம் இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் பின்னாளில் வால்சனைப் பாராட்டியது. அஸ்டோரியாக்காரர்கள் தங்கள் கல்லை எடுத்துவிடவில்லை! யார் முதல் என்ற சண்டை சரித்திரக்காரர்களுக்கு. ஒரே தேவை இரண்டு ஊரில் எழுந்தது, இரண்டு ஊரிலும் கெட்டிக்காரர் ஒருவர் இருந்தார் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

கம்பிக்குள் என்ன நடக்கிறது?

ஆண்டெனா பிடிக்கும் அலை மிகவும் சொற்பம். கம்பியில் போகப் போக அது இன்னும் தேயும். நீண்ட வாய்க்காலில் தண்ணீர் வற்றுவதைப் போல! கடைமடைக்குப் போவதற்குள் ஒன்றும் இருக்காது. ஆகவே குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு பெருக்கும் கருவியைக் கம்பத்தில் வைக்கிறார்கள். தேய்ந்து வந்த அலையை அது பழையபடி பெரிதாக்கி அடுத்த கம்பத்துக்கு அனுப்பும். இதில் ஒரு சங்கடம். படத்தைப் பெருக்கும் கருவி, வழியில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கிவிடும். கருவிகள் அதிகமானால் படம் கெடும். அந்தக் காலத்துக் கம்பிக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி.

கம்பியும் சாதாரணக் கம்பி அல்ல. ராணுவத்தின் பழைய கம்பி மழை பெய்தால் படத்தைக் கெடுத்தது. பிறகு வந்த கேபிள் வேறு விதம். நடுவில் ஒரு செம்புக் கம்பி. அதைச் சுற்றி மின்சாரம் பாயாத உறை. அதன் மேல் உலோக இழையால் பின்னிய வலை. எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் சட்டை. வெளியே திரியும் அலை வலையைத் தாண்டி உள்ளே வராது. உள்ளே போகும் அலையும் வெளியே கசியாது.

இதில்தான் பெரிய லாபம் இருக்கிறது. ஆகாயம் எல்லோருக்கும் பொது. அதில் ஒரே அளவுள்ள அலையை இருவர் பக்கத்துப் பக்கத்து ஊரில் அனுப்பினால் ஒன்றோடொன்று மோதி இரண்டும் கெடும். கேபிளுக்குள் இருப்பதோ தனி ஆகாயம்! இந்தத் தெருக் கேபிளில் போவது அடுத்த தெருக் கேபிளைத் தொந்தரவு செய்யாது.

மூன்றரை ஆண்டுத் தடை

1948-ம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கத் தகவல் தொடர்புக் கமிஷன் ஓர் உத்தரவு போட்டது. புதிய டெலிவிஷன் நிலையங்களுக்கு அனுமதி இல்லை! அலைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, ஒழுங்கு செய்த பிறகு பார்க்கலாம் என்றது கமிஷன். ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்தார்கள். 1952-ம் ஆண்டு ஏப்ரல் மாதம்தான் தடை நீங்கியது.

பெரிய நகரங்களில் படம். சின்ன ஊர்களில் இருட்டு. புதிய நிலையம் வரவும் வழி இல்லை. கம்பிக்காரர்களுக்கு இதைவிட நல்ல காலம் வேண்டுமா?

பென்சில்வேனியாவில் லான்ஸ்போர்டு என்ற சுரங்க ஊரில் ராபர்ட் டார்ல்டன் என்ற ரேடியோ வியாபாரி, வேறு சில வியாபாரிகளையும் சேர்த்துக்கொண்டு 1950-ல் கம்பெனி ஆரம்பித்தார். பார்சன்ஸும் வால்சனும் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றினார்கள். டார்ல்டன் ஆரம்பத்திலேயே ஊர் முழுவதற்கும் திட்டம் போட்டுக் கம்பி விரித்தார். பத்திரிகைகள் எழுதின. ஊர் ஊராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவருக்குப் பெருக்கும் கருவி விற்ற ஜெரால்டு கம்பெனியின் முதலாளி மில்டன் ஷாப், அந்தக் கருவிகளாலேயே பெரும் பணக்காரர் ஆனார். 1971-ல் அந்த மாநிலத்தின் கவர்னராகவும் ஆகிவிட்டார்!

1952-ல் அமெரிக்கா முழுவதும் 70 ஊர்களில் கம்பி டெலிவிஷன். வீடுகள் 14 ஆயிரம். பத்தே ஆண்டில் ஏறத்தாழ 800 அமைப்புகள், எட்டரை லட்சம் வீடுகள்.

கோர்ட்டு ஏறிய ஆண்டெனா

நிலையக்காரர்கள் முதலில் சந்தோஷப்பட்டார்கள். தங்கள் படத்தை இன்னும் நாலு ஊர் பார்க்கிறது அல்லவா? பிறகுதான் கணக்குப் போட்டார்கள். படம் எங்களுடையது, மாதச் சந்தா கம்பிக்காரனுக்கா? வெளியூர் நிலையத்தைக் கம்பி கொண்டுவந்தால், உள்ளூர் நிலையத்தை யார் பார்ப்பார்கள்?

1966-ல் கமிஷன் கம்பிக்காரர்களுக்குக் கடிவாளம் போட்டது. உள்ளூர் நிலையங்களைக் கட்டாயம் காட்ட வேண்டும். பெரிய நகரங்களுக்குள் வெளியூர் நிலையங்களைக் கொண்டுவரக் கட்டுப்பாடு.

சினிமாப் படங்களுக்கு உரிமை வைத்திருந்த யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனி வழக்கே தொடுத்தது. எதிரி, மேற்கு வர்ஜீனியாவில் இரண்டு ஊர்களுக்குக் கம்பி கொடுத்த போர்ட்நைட்லி என்ற கம்பெனி. எங்கள் படத்தைக் காட்டிக் காசு வாங்குகிறார்கள், எங்களுக்குக் கூலி எங்கே என்பது வழக்கு. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1968-ல் தீர்ப்பு வந்தது. கம்பெனி படம் போடவில்லை, பார்க்கிறவனுக்கு ஆண்டெனா போட்டுக் கொடுத்தது, அவ்வளவுதான் என்றது கோர்ட்டு. கம்பிக்காரர்களுக்கு வெற்றி! ஆனால் 1976-ல் புதிய சட்டம் வந்தது. படம் கொண்டுவர அனுமதி உண்டு, அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று.

அதற்குள் கம்பியின் குணமே மாறத் தொடங்கிவிட்டது. 1972-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி, பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி நகரில் ஹோம் பாக்ஸ் ஆபீஸ் என்ற புதிய சேனல் பிறந்தது. அதுவும் நிலக்கரிச் சீமைதான். முதல் நாள் சந்தாதாரர்கள் 365 பேர். அந்தச் சேனல் ஆகாயத்தில் எந்த வீட்டு ஆண்டெனாவிலும் கிடைக்காது. தனிப் பணம் கட்டினால் கம்பியில் மட்டுமே வரும். 1975-ல் மணிலாவில் முகமது அலியும் ஜோ பிரேசியரும் மோதிய குத்துச்சண்டையைச் செயற்கைக்கோள் மூலம் வாங்கித் தன் சந்தாதாரர்களுக்குக் காட்டியது. அதன் பிறகு கம்பிக்கு மலை ஒரு காரணமே அல்ல. மலை இல்லாத ஊரிலும் ஜனங்கள் கம்பி கேட்டார்கள்.

இடம் மாறிய இரண்டு

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நிக்கலஸ் நெக்ரோபோன்டே ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். டெலிபோன் கம்பியில் வந்தது. டெலிவிஷன் ஆகாயத்தில் வந்தது. இது தலைகீழ் என்றார் அவர். டெலிபோன் வைத்திருக்கிறவன் நடமாடுகிறவன். அவன் பின்னால் கம்பியை இழுத்துக்கொண்டு போக முடியாது. டெலிவிஷன் பெட்டியோ கூடத்தில் ஒரே இடத்தில் இருப்பது. அதற்குக் கம்பி போதும். ஆகாயம் அளவானது, இன்னொன்று செய்ய முடியாது. கம்பி எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஆகவே இரண்டும் இடம் மாறும் என்றார். "நெக்ரோபோன்டே மாற்றம்" என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது.

சொன்னது பெரும்பாலும் நடந்தது. செம்புக் கேபிளோடு, மயிரிழை போன்ற கண்ணாடி நாரும் வந்தது. அதில் ஒளியே சேதி கொண்டு போகிறது. இப்போது இன்டர்நெட்டும் டெலிவிஷனும் ஒரே வழியில் வீட்டுக்குள் வருகின்றன. மறுபக்கம், டெலிவிஷன் காலி செய்த ஆகாயத்தில் செல்போன் குடியேறியது. 2017-ல் அமெரிக்க அரசாங்கம் டெலிவிஷன் நிலையங்களிடம் அலைகளைத் திரும்ப வாங்கிச் செல்போன் கம்பெனிகளுக்கு ஏலம் விட்டது. கிடைத்தது ஏறத்தாழ 1,980 கோடி டாலர்! ஆண்டெனாவில் வந்து கொண்டிருந்த 38 முதல் 51 வரையுள்ள எண்களில் இனி அங்கே டெலிவிஷன் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் இப்போது பலர் கேபிள் சந்தாவை நிறுத்திவிட்டு, கூரையில் பழையபடி ஆண்டெனா மாட்டுகிறார்கள். காசு இல்லாமல் வருகிறதே!

கம்பி இல்லாத வீடு

மாற்றத்தை முழுவதுமாகச் செய்து பார்த்த நாடுகளில் ஒன்று சுவிட்சர்லாந்து. அங்கேயும் மலைதான். ஆகவே கேபிள் முன்பே வேரூன்றியிருந்தது. 2019-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி அந்த நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனம் தன் தரைவழி டெலிவிஷன் கோபுரங்களை நிறுத்திவிட்டது. ஆண்டெனாவை மட்டும் நம்பியிருந்த வீடுகள் நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. அவர்களுக்காகக் கோபுரங்களை நடத்துவது அதிகச் செலவு என்பது நிறுவனத்தின் கணக்கு. கேபிள், இன்டர்நெட், அல்லது செயற்கைக்கோள் தட்டு. மூன்றில் ஒன்றுக்கு அவர்கள் மாற வேண்டியதாயிற்று.

நூற்றுக்கு இரண்டு என்பது கணக்கில் சிறியது. ஆனால் அந்த இரண்டில் இருப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். ஆண்டெனா வைத்திருப்பவர் பெட்டியை ஒரு முறை வாங்கினால் போதும். கம்பியோ மாதா மாதம் பணம் கேட்கும். பணம் கட்டத் தவறினால் படம் நிற்கும், செய்தியும் நிற்கும். தனியாக வாழும் கிழவர், இன்டர்நெட் வேண்டாம் என்று இருந்தவர், அதற்குப் பணம் இல்லாதவர், இவர்களுக்குத்தான் தொல்லை.

புயல் காலத்தில் கணக்கு இன்னும் மாறும். மரம் விழுந்தால் கம்பி அறும். ஒரு கம்பம் சாய்ந்தால் அதற்கு அப்பால் உள்ள தெருக்களெல்லாம் இருட்டு. கோபுரம் நின்றுகொண்டிருந்தால், பாட்டரியில் ஓடும் சிறு பெட்டிக்குக் கூடச் செய்தி வந்துவிடும். ஆகாயத்தில் வரும் சேதிக்கு நடுவே அறுவதற்கு ஒன்றும் இல்லை.

பிரிட்டனில் இந்த வாதம் பலமாக எழுந்தது. கோபுரங்களுக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தி எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் அனுப்பலாம் என்றது ஒரு கட்சி. முதியவர்களும் ஏழைகளும் என்ன செய்வார்கள் என்று கேட்டது இன்னொரு கட்சி. கோபுரங்களுக்கு 2034 வரை லைசென்ஸ் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை அங்கே ஆண்டெனாவில் படம் வரும்.